பத்து நாள் இடைவெளி: கொசு கொண்டுவரும் வைரஸை மறிப்பது எப்படி

என் தங்கை மகளுக்குக் காய்ச்சல் கண்டது ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமை ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. எட்டாம் நாள் எழுந்து நடமாட ஆரம்பித்தாள். வீடே பெருமூச்சு விட்டது. பதினேழாம் நாள் அவளுடைய தம்பிக்குக் காய்ச்சல். மறுநாள் என் அம்மாவுக்கு. தம்பி சீக்கிரம் தேறிவிட்டான். அம்மாவை ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

“எங்கே பார்த்தாலும் காய்ச்சல், நம் வீட்டுக்கும் வந்துவிட்டது” என்று பேசிக்கொண்டார்கள். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் காய்ச்சலோடு படுத்திருந்த முதல் மூன்று நான்கு நாட்களில் ஒரு கொசு அவளைக் கடித்திருக்கிறது. அந்தக் கொசுவுக்குள் வைரஸ் வளரச் சுமார் பத்து நாள். அது தம்பியையும் பாட்டியையும் கடித்த பிறகு அவர்கள் உடலில் ஐந்தாறு நாள். கூட்டினால் பதினேழு, பதினெட்டு. நோய் வெளியிலிருந்து இரண்டாம் முறை வரவில்லை. அந்த அறையிலேயே தங்கி, அந்த அறையிலிருந்தே கிளம்பியிருக்கிறது.

26 ஆண்டுகள் ஒரு பூச்சியியல் ஆய்வகத்தில் கொசு பிடித்து, இனம் பிரித்து, எண்ணி, வைரஸ் பரிசோதனைக்கு அனுப்பியவள் நான். அவள் படுத்திருந்த கட்டிலுக்குப் பகலில் ஒரு வலை கட்டச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். கொசு வழியாக வைரஸ் பரவும் பாதையில் எந்த இடத்தில் கை வைத்தால் அறுபடும் என்பது தெரிந்துவிட்டால், செய்ய வேண்டிய வேலைகள் மிகச் சிலவே.

கொசுவுக்குள் என்ன நடக்கிறது

பலர் கொசுவை ஒரு பறக்கும் ஊசியாக நினைக்கிறார்கள். ஒருவரைக் குத்தி, அதே முனையோடு அடுத்தவரைக் குத்தினால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று. அப்படிப் பரவும் வைரஸ்களும் உண்டு. கோழிகளுக்கு வரும் அம்மை அவ்வாறு கொசுவின் வாயில் ஒட்டிக்கொண்டு பரவும். 1950இல் ஆஸ்திரேலியாவில் முயல்களைக் கட்டுப்படுத்தத் திறந்துவிட்ட மிக்ஸோமா வைரஸும் கொசுவின் வாய் நுனியில் பயணம் செய்துதான் கோடிக்கணக்கான முயல்களைக் கொன்றது. ஆனால் டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல் ஆகியவற்றின் கதை வேறு.

கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டை வளர அதற்கு ரத்தத்தின் புரதம் வேண்டும். நம் கண்ணுக்கு ஒரே முள்ளாகத் தெரியும் அதன் வாய், உண்மையில் ஓர் உறைக்குள் அடங்கிய ஆறு நுண்ணிய கம்பிகள். உறை தோலுக்கு வெளியே வில்லாக வளைந்து நிற்க, கம்பிகள் மட்டும் உள்ளே இறங்கும். அவற்றில் ஒன்றின் வழியாக ரத்தம் மேலே ஏறுகிறது. இன்னொன்றின் வழியாக, ரத்தம் உறையாமல் இருக்கக் கொசுவின் உமிழ்நீர் கீழே இறங்குகிறது. ஏறும் வழியும் இறங்கும் வழியும் தனித்தனி. ஏறிய ரத்தம் நேரே வயிற்றுக்குப் போய்விடும். ஆகவே வயிற்றுக்குப் போன வைரஸ் உமிழ்நீருக்கு வந்து சேர்ந்தால்தான் அடுத்த ஆளுக்குப் போக முடியும்.

அந்தப் பயணம் எளிதன்று. முதலில் வயிற்றுச் சுவரின் செல்களுக்குள் நுழைந்து அங்கே பெருக வேண்டும். அந்தச் சுவரைத் தாண்டி உடலுக்குள் பரவ வேண்டும். கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புக வேண்டும். எய்ட்ஸ் கொசுவால் பரவுமா என்று எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பரவாது. அந்த வைரஸால் கொசுவின் வயிற்றுச் செல்களுக்குள் நுழையவே முடியாது. ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போகிறது.

சுரப்பியை வெளியே எடுத்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர். அதில் கொசுவைக் கிடத்தி, ஓர் ஊசியால் மார்பை அழுத்திக்கொண்டு, மற்றோர் ஊசியால் தலையை மெல்ல இழுக்க வேண்டும். கை நடுங்கினால் தலை மட்டும் துண்டாக வந்துவிடும். பொறுமையாக இழுத்தால் தலையோடு ஒரு ஜோடிச் சுரப்பிகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஒவ்வொன்றும் மூன்று விரல் போலப் பிரிந்து, நனைந்த கண்ணாடி இழையைப் போல மினுங்கும். டெங்கு வைரஸ் அந்த மூன்று விரல்களுக்கு வந்து சேர, வெதுவெதுப்பான பருவத்தில் 8 முதல் 12 நாட்கள் ஆகின்றன. வெயில் கூடினால் நாள் குறையும், குளிர்ந்தால் நீளும். வந்து சேர்ந்துவிட்டால் அந்தக் கொசு சாகும்வரை கடிக்கும் ஒவ்வொரு கடியிலும் வைரஸ் இறங்கலாம்.

இந்த இடைவெளியை முதலில் கவனித்துச் சொன்னவர் ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற அமெரிக்க மருத்துவர். 1898இல் மிசிசிப்பி மாநிலத்தில் மஞ்சள் காய்ச்சல் வந்த கிராமத்து வீடுகளில், முதல் நோயாளிக்கும் அந்த வீட்டுக்குப் போய்வந்ததால் நோயுற்றவர்களுக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கும் மேல் இடைவெளி விழுவதை அவர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். கொசுதான் காரணம் என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொல்லியிருந்தும், அவருடைய சோதனைகள் யாரையும் நம்பவைக்கவில்லை. நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாட்களிலேயே அடுத்தவர் மீது விட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1900இல் வால்டர் ரீட் தலைமையிலான குழு கொசுக்களை நாள் கணக்கில் காத்திருந்து கடிக்க விட்டபோது நோய் வந்தது. அந்தக் குழுவில் இருந்த மருத்துவர் ஜெஸ்ஸி லேசியர் அதே ஆண்டு மஞ்சள் காய்ச்சலால் இறந்தார்.

நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான். ஆபத்தானது வயதான கொசு. பத்து நாள் ஆகும் முன்பே அதைக் கொன்றுவிட்டாலோ, அது நோயாளியிடம் ரத்தம் குடிக்காமல் தடுத்துவிட்டாலோ பாதை அறுந்தது.

வைரஸ் யாருடைய ரத்தத்திலிருந்து வருகிறது

பாதுகாப்பு வேலையைத் தொடங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். விடைக்குத் தகுந்தபடி செய்ய வேண்டியதும் மாறும்.

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றும் காட்டுக் குரங்குகளிடமிருந்து வந்தவை. ஆனால் நகரங்களுக்குள் வந்த பிறகு அவற்றுக்குக் குரங்கு தேவைப்படவில்லை. மனிதன், கொசு, மனிதன் என்று சுற்றுகின்றன. உகாண்டாவின் ஜிகா காட்டில் 1947இல் மஞ்சள் காய்ச்சலைத் தேடிக் கூண்டில் வைத்திருந்த ஒரு குரங்கின் ரத்தத்தில்தான் ஜிகா வைரஸ் முதலில் கிடைத்தது. அறுபது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2007இல் பசிபிக் கடலின் யாப் தீவு, 2013இல் பிரெஞ்சு பாலினீசியா, 2015இல் பிரேசில் என்று மனிதர்கள் வழியாகவே கடல் தாண்டியது. பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளைப் பார்த்த பிறகுதான் உலகம் விழித்தது. இந்த மூன்று நோய்களிலும் பரப்புவது ஏடிஸ் கொசு. வைரஸின் கிடங்கு, காய்ச்சலில் படுத்திருக்கும் நம் வீட்டு ஆள்.

வெஸ்ட் நைல் பறவைகளின் வைரஸ். கியூலெக்ஸ் கொசுக்கள் அதைப் பறவைக்குப் பறவை கொண்டுபோகின்றன. பறவையையும் மனிதனையும் கடிக்கும் பழக்கமுள்ள கொசுக்கள் நடுவில் பாலமாக நின்று அதை நம்மிடமும் குதிரையிடமும் சேர்க்கின்றன. 1999 கோடையில் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன. அதே நேரத்தில் முதியவர்கள் சிலர் மூளை அழற்சியோடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். காகத்தைப் பார்த்தவர் கால்நடை மருத்துவர், மனிதரைப் பார்த்தவர் பொது மருத்துவர். இரண்டும் ஒரே நோய் என்று சேர்த்துப் பார்க்க நாள் பிடித்தது. இறந்த பறவையைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மனித உடலில் வெஸ்ட் நைல் வைரஸ் கொசு எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருகுவதில்லை. குதிரையிலும் அப்படியே. நாம் அதற்கு முட்டுச்சந்து. நம்மிடம் வந்த வைரஸ் கொசு வழியாக மேலே எங்கும் போகாது. அதனால் நமக்குத் தீங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தொற்றியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அறிகுறியே தெரியாது. சுமார் 150 பேரில் ஒருவருக்கு மூளையையோ நரம்பையோ தாக்குகிறது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி இருக்கிறது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகள் வைரஸைச் சுமக்கின்றன. வயல்நீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுக்கள் அவற்றிடமிருந்து பன்றிக்குக் கொண்டுவருகின்றன. பன்றி பெரும்பாலும் நோயின் சாயலே இல்லாமல் நடமாடும். சினைப்பன்றி மட்டும் செத்த குட்டிகளை ஈனும். ஆனால் அதன் ரத்தத்தில் வைரஸ் பெருவெள்ளமாக ஓடும். அன்றிரவு அதைக் கடிக்கும் நூறு கொசுக்களும் வைரஸை எடுத்துக்கொள்ளும். இளம் பன்றிகள் தொடர்ந்து பிறந்துகொண்டே இருப்பதால் எதிர்ப்புச் சக்தி இல்லாத உடல் வைரஸுக்கு எப்போதும் கிடைக்கிறது. மனிதன் இங்கேயும் முட்டுச்சந்து. மூளை அழற்சி வந்தவர்களில் 30 விழுக்காடு வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு வாழ்நாள் ஊனம் மிஞ்சுகிறது. நல்ல தடுப்பூசி இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் காட்டில் குரங்குகளிடம் இருக்கிறது. தென் அமெரிக்காவில் காட்டின் உச்சிக் கிளைகளில் கத்திக்கொண்டிருக்கும் ஹௌலர் குரங்குகள் திடீரென்று அமைதியாகிவிட்டால், அங்குள்ளவர்கள் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குரங்குகளை இந்த வைரஸ் கொன்றுவிடும். குரங்கைக் கொல்வதால் எந்தப் பயனும் இல்லை. அது நமக்கு மணியடித்துச் சொல்லும் காவலாளி. தடுப்பூசி ஒரே ஒரு முறை போட்டால் பெரும்பாலானோருக்கு ஆயுளுக்கும் போதும்.

கால்நடை வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல். கென்யாவில் 1931இல் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ் வெள்ளநீரில் வளரும் ஏடிஸ் கொசுக்களின் முட்டைக்குள்ளேயே இருந்து, ஆண்டுக்கணக்கில் வறண்ட மண்ணில் காத்திருந்து, பெருமழை வந்ததும் கொசுவோடு சேர்ந்து பிறக்கும். மந்தையில் ஒரே வாரத்தில் ஆடுகள் வரிசையாகக் கன்று வீசினால், அதாவது கரு கலைந்தால், அதுதான் முதல் அடையாளம். இந்த நோய் மனிதருக்குக் கொசுக்கடியைவிட நோயுற்ற விலங்கின் ரத்தம், நஞ்சுக்கொடி, இறைச்சி ஆகியவற்றைத் தொடுவதால்தான் அதிகம் வருகிறது.

உங்களைக் கடிப்பது எது என்று பார்க்கும் விதம்

கொசு சுவரில் உட்காரும்போது பாருங்கள். வால் தூக்கி, தலை குனிந்து, சாய்கோட்டில் நின்றால் அனாபிலஸ். அது கொண்டுவருவது முக்கியமாக மலேரியா, அது வைரஸ் அன்று. சுவருக்கு இணையாக உட்கார்ந்தால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, காலில் வெள்ளை வளையம் இருந்தால் ஏடிஸ். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் முதுகைப் பாருங்கள். நடுவில் ஒரே வெள்ளைக் கோடு என்றால் அது ஏடிஸ் அல்போபிக்டஸ். இரு ஓரங்களிலும் வளைந்த கோடுகள் யாழின் வடிவில் தெரிந்தால் அது ஏடிஸ் எஜிப்டி. மங்கிய பழுப்பு நிறத்தில், எந்த அலங்காரமும் இல்லாமல் இரவில் காதருகே ரீங்கரிப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ்.

நேரமும் உதவும். ஏடிஸ் பகலில் கடிக்கும். காலையில் விடிந்து சில மணி நேரமும், மாலையில் பொழுது சாய்வதற்கு முன்பும் அதற்கு உச்ச நேரம். கியூலெக்ஸ் இருட்டிய பிறகு வரும்.

ஏடிஸ் எஜிப்டியிடம் இன்னொரு குணம் உண்டு. கை அசைந்தால் சட்டென்று எழும்பிப் போய்விடும், அரை வயிற்றோடு அடுத்த ஆளிடம் உட்காரும். ஒரு முட்டைத் தொகுதிக்கான ரத்தத்தை மூன்று நான்கு பேரிடம் குடித்துத் தேற்றிக்கொள்ளும். தம்பிக்கும் பாட்டிக்கும் அடுத்தடுத்த நாளில் காய்ச்சல் வந்ததற்கு ஒரே கொசு போதும்.

வாரம் ஒரு நாள், அரை மணி நேரம்

முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏடிஸுக்கு ஏழு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. அதனால்தான் வாரம் ஒரு முறை என்று கணக்கு. பத்து நாளைக்கு ஒரு முறை செய்தால் செய்த வேலை வீண். ஏதாவது ஒரு கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். கிழமை தவறாமல் இருப்பதுதான் இதில் பெரிய விஷயம்.

ஒரு டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு முரட்டுத் தேய்ப்பான். இவ்வளவுதான் கருவி. நீரின் மேல் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். நிழலோ ஒளியோ பட்டதும் ஏடிஸ் புழுக்கள் அடியில் போய்ப் பதுங்கும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, அசையாமல் ஒரு நிமிடம் காத்திருங்கள். மூச்சு வாங்க அவை மேலே வந்தாக வேண்டும். வாலில் உள்ள குட்டைக் குழாயை நீர்மட்டத்தில் ஒட்டவைத்துத் தலைகீழாகத் தொங்கும். கியூலெக்ஸ் புழுவுக்கு அந்தக் குழாய் நீளம். கூட்டமாகச் சாய்ந்து தொங்கும். குழாயே இல்லாமல் நீர்மட்டத்தில் மட்டமாகப் படுத்திருப்பது அனாபிலஸ். காற்புள்ளி வடிவத்தில் துள்ளும் உருவங்களைப் பார்த்தால் அவசரம் என்று பொருள். அவை கூட்டுப்புழுக்கள், இரண்டொரு நாளில் பறந்துவிடும்.

எங்கே பார்ப்பது? என் தங்கை வீட்டில் மாடித் தொட்டியை மூடியிருந்தார்கள், வாளிகளைக் கவிழ்த்திருந்தார்கள், வாசலில் ஒரு சொட்டு நீர் தேங்கவில்லை. நான் கூடத்தில் இருந்த குளிர்சாதனப் பெட்டியை இழுத்து, பின்னால் உருகிய நீர் சேரும் தட்டைக் கழற்றினேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை, விரல் கணு அளவு ஆழம். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட புழுக்கள், ஏழு கூட்டுப்புழுக்கள், காலியான தோல்கள் மேலே மிதந்தன. நோயாளியின் கட்டில் அங்கிருந்து பத்தடி. நாம் தினமும் பார்க்கும் இடத்தில் கொசு முட்டையிடுவது குறைவு. பார்க்காத இடங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பூந்தொட்டியின் அடித்தட்டு, பயன்படுத்தாத கழிப்பறையின் நீர்த்தொட்டி, கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய், தார்ப்பாய் மடிப்பு, பழைய டயர், தொட்டியின் வழிந்தோடும் குழாய் முனை, வளர்ப்பு விலங்கின் தண்ணீர்க் கிண்ணம், வெட்டிய மூங்கிலின் கணு, மரப்பொந்து.

நீரைக் கொட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான். ஏடிஸ் முட்டையை நீரில் இடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில், மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டிவைக்கும். நீரைக் கொட்டினாலும் அவை அங்கேயே இருக்கும். காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். பாத்திரத்தின் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் முட்டை போகும். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள்.

காலி செய்ய முடியாத பெரிய தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி அல்லது இறுக்கிக் கட்டிய நெருக்கமான துணி. அலங்காரக் குளத்தில் கப்பி மீன் விடலாம். வாங்கிக் கரைக்கும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து புழுவைக் கொல்லும், மனிதருக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் தீங்கில்லாதது. ஆனால் கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை; அதன் மேல் இந்த மருந்து வேலை செய்யாது. கூட்டுப்புழுவைப் பார்த்துவிட்டால் கொட்டித்தான் ஆக வேண்டும்.

ஏடிஸ் எஜிப்டி பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் போவதில்லை. உங்களைக் கடித்தது உங்கள் வீட்டில் பிறந்ததாகவோ பக்கத்து வீட்டில் பிறந்ததாகவோதான் இருக்கும். பக்கத்து வீட்டாரிடம் குற்றம் சொல்லப் போகாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு “சேர்ந்து பார்ப்போமா” என்று போங்கள். கிண்ணத்தில் நெளிவதைக் காட்டிவிட்டால் வேறு பேச்சு வேண்டியதில்லை.

காய்ச்சல் வந்தவரைக் கொசுவிடமிருந்து காப்பது

டெங்கு நோயாளி, காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் வரை கொசுவுக்கு வைரஸ் கொடுக்கக்கூடியவர். காய்ச்சலுக்கு முந்தைய நாட்களை நம்மால் பிடிக்க முடியாது. மற்ற நாட்கள் நம் கையில் இருக்கின்றன. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் காய்ச்சல் என்றவுடனே வலை கட்டுங்கள், பகலிலும். “பகலில் எதற்குப் பெரியம்மா வலை?” என்று இப்போதும் அந்தப் பெண் கேட்கிறாள். கடிக்கும் கொசு பகலில்தான் வருகிறது, உன்னைக் காக்க இந்த வலை இல்லை, உன்னிடமிருந்து அது எடுத்துப் போகாமல் இருக்க என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

கட்டிலின் அடி, தொங்கும் துணிகளின் பின்புறம், திரைச்சீலை மடிப்பு, அலமாரி இடுக்கு. ஏடிஸ் ஓய்வெடுக்கும் இடங்கள் இவைதான். கொசுமட்டையோ அறைக்குள் அடிக்கும் மருந்தோ இந்த இருட்டுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். நோயாளியின் அறையில் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

மருத்துவம் என் துறையன்று. ஆயினும் எல்லா மருத்துவர்களும் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறேன். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், நிறைய நீர் ஆகாரம். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாட்கள்தான் உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவை. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மூச்சுத் திணறல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு முறை டெங்கு வந்தவருக்கு வேறு வகை டெங்கு வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். மொத்தம் நான்கு வகைகள் இருக்கின்றன. என் அம்மாவுக்கு அது இரண்டாம் முறை.

விலங்குகள் இருக்கும் இடத்தில்

பன்றி, குதிரை, ஆடு வளர்ப்பவர்களுக்கு. கொட்டகை வீட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். இருட்டிய பிறகு கொட்டகை ஓரம் தூங்காதீர்கள், வேறு வழியில்லை என்றால் வலைக்குள் தூங்குங்கள். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒரு முறை காலி செய்து தேயுங்கள். குதிரைகளுக்கு வெஸ்ட் நைல் தடுப்பூசி இருக்கிறது. மனிதருக்கு இன்னும் இல்லை. தள்ளாடும் குதிரை, காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கும் பல பறவைகள், அடுத்தடுத்துக் கன்று வீசும் மந்தை. இவற்றைப் பார்த்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். செத்த பறவையையும், விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடக் கூடாது. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் பரவும் பகுதியில் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். அங்கே இன்னொரு எச்சரிக்கை: நோய் மந்தைக்குள் வந்துவிட்ட பிறகு அவசரமாகத் தடுப்பூசி போட ஆரம்பித்தால், ஒரே ஊசியைப் பல ஆடுகளுக்குப் பயன்படுத்துவதில் நோயை நாமே பரப்பிவிடுவோம். கொசு செய்யாத பறக்கும் ஊசி வேலையை மனிதக் கை செய்துவிடும்.

தோலுக்கும், புகைக்கும்

கொசுவிரட்டியில் டீட், பிக்காரிடின், ஐ.ஆர்.3535 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருக்கும் தோலில் மட்டும், மெல்லியதாக, ஒரே சீராகப் பூசுங்கள். ஓரிடம் விட்டுப்போனால் கொசு அங்கேதான் உட்காரும். வெயில் களிம்பு பூசுவதென்றால் முதலில் அது, பிறகு இது. குழந்தையின் உள்ளங்கையிலும் கண்ணருகிலும் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு விரட்டி வேண்டாம், வலை போதும்.

தெருவில் அடிக்கும் புகை மருந்து, அந்த நேரத்தில் அந்தத் துளி மேலே பட்ட கொசுவைக் கொல்லும். திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் ஏடிஸ் மேல் அது படுவதில்லை, நீருக்குள் இருக்கும் புழு சாவதில்லை. நோய் வேகமாகப் பரவும்போது வயதான கொசுக்களைக் குறைக்க அதற்கு ஒரு பயன் உண்டு, அவ்வளவுதான். புகை அடித்தாயிற்று என்று டார்ச்சை உள்ளே வைத்துவிடாதீர்கள்.

எனக்கு நம்பிக்கை தரும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் எஜிப்டிக்குள் செலுத்தினால், டெங்கு வைரஸ் அதற்குள் பெருகுவது தடைபடுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது. 2021இல் முடிவு வெளியானது. நான் ஊசி முனையில் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று விரல்களுக்கு வைரஸ் வந்து சேராமலே நிற்கிறது.

கடைசியாக, நாட்காட்டி

வீட்டில் யாருக்காவது டெங்கு உறுதியானால், காய்ச்சல் தொடங்கிய தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். வலை, காய்ச்சல் விட்ட இரண்டாம் நாள் வரை. எட்டாம் நாள் வரை அறையின் இருட்டு மூலைகளில் தினமும் கொசு தேடுங்கள். நோயாளியைக் கடித்த கொசு அதுவரை பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்ய முடியாத நிலையில்தான் இருக்கும், அதற்குள் அதைக் கொன்றுவிட வேண்டும். பன்னிரண்டாம் நாள் முதல் இருபத்தைந்தாம் நாள் வரை ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்குள் வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் சாதாரணக் காய்ச்சல் என்று விடாமல் முதல் நாளே பரிசோதித்து, முதல் நாளே அவருக்கும் வலை கட்டுங்கள்.